பெயிண்ட் அடிச்சா போதுமா? கூரையைப் போடுங்கய்யா!

போன வாரம் நம்ம பதிவர் நண்பர் ஒருத்தர் (பேர் வேண்டாம், கண்டுபிடிக்கறவங்க கண்டுபிடிச்சுக்கோங்க) ஒரு படம் போட்டிருந்தார். ஏதோ ஒரு ஸ்டேஷன் வாசல், சிமெண்ட் மேடை, அதுமேல ஒரு பழைய நாரோ கேஜ் பயணிகள் பெட்டி. பளபளன்னு சிவப்பு பெயிண்ட், சுத்தி சங்கிலி, பக்கத்துல குரோட்டன்ஸ் செடி. "பாரம்பரியத்தை எவ்வளவு அழகா காப்பாத்தறாங்க பாருங்க" என்று புல்லரித்திருந்தார். கீழே வரிசையாப் பின்னூட்டங்கள். பாதிப் பேர் "சூப்பர் தல". மீதிப் பேர் "நாட்டுல ஆயிரம் பிரச்னை இருக்கு, இந்த ஓட்டைப் பெட்டிக்கு எதுக்கு தண்டச்செலவு?"

நானும் பின்னூட்டம் போடத்தான் உட்கார்ந்தேன். அது நாலு பக்கத்துக்குப் போயிடுச்சு. அடுத்தவர் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்துக்கிட்டு நாலு பக்கத்துக்குக் கத்தறது மரியாதை இல்லைங்கிறதால என் வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டேன்.

விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். அந்தப் படத்துல இருக்கறது காப்பாத்தின பெட்டி கிடையாது. நடுத்தெருவுல வெச்சு, வருஷா வருஷம் மேக்கப் போட்டு, மெதுவாகக் கொல்லப்படுகிற பெட்டி. தலைக்கு மேல கூரை இல்லாம மரப் பெட்டியைக் காப்பாத்தறோம்னு யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். புல்லரிச்சவங்க மேலயும் எனக்குக் கோபம், தண்டச்செலவுன்னவங்க மேலயும் கோபம். ரெண்டு பேருக்கும் சேர்த்து இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் பாலபாடம்

நம்ம நாட்டு அகலப்பாதை 1676 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அடி. மீட்டர் கேஜுக்குப் பேரிலேயே அளவு இருக்கு. அதையும் விடக் குறுகலாக, இரண்டரை அடியிலும் (762 மி.மீ) இரண்டடியிலும் (610 மி.மீ) போட்டதைத்தான் இந்தியாவில் நாரோ கேஜ் என்கிறோம். கால்கா - சிம்லா இரண்டரை அடி. டார்ஜிலிங்கும் மாதேரானும் இரண்டடி. நம்ம ஊட்டி ரயில் மீட்டர் கேஜ். வெளிநாட்டுக்காரங்க அதையும் நாரோ கேஜ் கணக்கில் சேர்த்துடுவாங்க, நாம சேர்க்கறதில்லை.

நாரோ கேஜ்னதும் எல்லாருக்கும் மலையும் மேகமும் ஹீரோயினும் ஞாபகம் வரும். மலை ரயில்கள் அந்தக் குடும்பத்துல சினிமாவுக்குப் போன பிள்ளைங்க. ஊரோட கிடந்து உழைச்ச பிள்ளைங்க வேற. குவாலியரிலிருந்து ஷியோப்பூர் வரை சுமார் 200 கிலோமீட்டர் ஓடிய இரண்டடிப் பாதை. நாக்பூர், ஜபல்பூர், கோந்தியா என்று நடு இந்தியாவில் வலை மாதிரி பரவியிருந்த இரண்டரை அடிப் பாதைகள். எவரார்ட் கால்த்ராப் என்ற இன்ஜினீயர் 1897ல் மகாராஷ்டிராவில் ஓடவிட்ட பார்சி லைட் ரயில்வே. பண்டரிபுரத்துக்குப் போன பக்தர் கூட்டத்தைப் பின்னாளில் சுமந்தது இந்தக் குட்டி ரயில்தான்.

நம்ம பக்கமும் இருந்துச்சுங்க. 1905ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும் இரண்டரை அடிப் பாதை போட்டாங்க. தர்மபுரி பாதை 1913ல் ஓசூர் வரைக்கும் நீண்டது. அடிக்கடி பஞ்சம் தாக்கும் வறண்ட சீமைக்கு தானியம் கொண்டுபோக வழி வேணும்னு யோசிச்சுப் போட்ட பாதைகள். 1936ல் ஒண்ணு, 1941ல் இன்னொண்ணு என்று மூடி, தண்டவாளத்தையும் பிடுங்கிட்டாங்க. அந்த ரயில்ல ஓடின ஒரு பெட்டியையாவது நீங்க எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்லை. தர்மபுரிக்காரங்க யாராவது பார்த்திருந்தா சொல்லுங்க, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வர்றேன்.

1992ல் எல்லாப் பாதையையும் ஒரே அகலமாக்குவோம்னு யூனிகேஜ் திட்டம் வந்துச்சு. அதை நான் குறை சொல்லப் போறதில்லை. கூரை மேல ஆள் உட்கார்ந்து, மாட்டு வண்டி வேகத்துல போய்க்கிட்டிருந்த ஊருக்கு ஒழுங்கான ரயில் வேணும்தான். "ஐயோ, அழகான குட்டி ரயில் போச்சே"ன்னு கவிதை எழுதறவங்க அதுல தினமும் வேலைக்குப் போனவங்களா இருக்க மாட்டாங்க. 2015ல் ஜபல்பூர் - நைன்பூர், நாக்பூர் - சிந்த்வாரா பாதைகளை மூடினாங்க. குவாலியர் ரயில் 2020 ஊரடங்கோட நின்னுச்சு, அப்புறம் ஓடவே இல்லை. பாதை அகலமாகட்டும், நல்லது.

ஆனா பெட்டி? அகலப்பாதைப் பெட்டி பழசானா நாட்டுல எந்த மூலைக்கும் தண்டவாளத்துலயே இழுத்துட்டுப் போகலாம். நாரோ கேஜ் பெட்டிக்கு அதோட பாதையைப் பிடுங்கினா அது அனாதை. பக்கத்து ஸ்டேஷனுக்குக் கூட நகர முடியாது. நின்ன இடத்துலயே எடை போட்டு ஏலம் விடறது ஒண்ணுதான் சுலபமான வழி. எடை போடறவனுக்கு அடியில இருக்கற இரும்புதான் கணக்கு. மேல இருக்கற தேக்கு அவனுக்கு விறகு.

எஞ்சின்தான் ஹீரோவாம்!

நம்ம ரயில் ரசிகர்களைப் பத்தியும் ரெண்டு வார்த்தை திட்டணும். நானும் அந்தக் கூட்டம்தான், அதனால எனக்கு உரிமை இருக்கு.

எங்க கூட்டத்துல பத்துல ஒன்பது பேருக்கு எஞ்சின் பைத்தியம். எந்த வருஷம், எந்தக் கம்பெனி, எத்தனை சக்கரம், என்ன நம்பர் என்று தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வாங்க. பின்னாடி வந்த பெட்டியைப் பத்திக் கேளுங்க. "அது வந்து... மூணாங்கிளாஸ்"னு இழுப்பாங்க. அவ்வளவுதான்.

எஞ்சினுக்காக நாம என்னவெல்லாம் பண்ணியிருக்கோம் பாருங்க. 1855ல் செஞ்ச ஈ.ஐ.ஆர் 21 என்ற எஞ்சின் பல காலம் ஜமால்பூரிலும் ஹவுராவிலும் பொம்மையா நின்னுக்கிட்டிருந்தது. நம்ம பெரம்பூர் ஒர்க்‌ஷாப் ஆட்கள் அதைப் பிரிச்சு மேஞ்சு, இல்லாத சாமானையெல்லாம் புதுசாச் செஞ்சு, 2010ல் ஓட வெச்சாங்க. கைதட்டலாம், நானும் தட்டினேன். கை வேலை தெரிஞ்ச ஆள் இந்த ஊர்ல இருக்காங்கிறதுக்கு அதுவே சாட்சி. ஆள் இல்லை, அறிவு இல்லைன்னு யாரும் கதை விட முடியாது.

ஆனா யோசிச்சுப் பாருங்க. எஞ்சின் இரும்பு. மழையில நின்னா துருப் பிடிக்கும், அம்பது வருஷம் கழிச்சு வந்து சுரண்டினாலும் உள்ள பாதியாவது இருக்கும். பெட்டி மரம். அம்பது வருஷம் கழிச்சு வந்தா நாலு போல்ட்டும் கொஞ்சம் கரையான் புத்தும்தான் இருக்கும். அவசர சிகிச்சை யாருக்கு முதல்ல வேணும்? நாம யாரை முதல்ல பார்க்கறோம்?

இன்னொண்ணு. எஞ்சினில் ஏறினது டிரைவரும் ஃபயர்மேனும். பெட்டியில ஏறினது நம்ம தாத்தா பாட்டி. யார் குஷன் சீட்டில் உட்கார்ந்தாங்க, யார் மரப் பலகையில உட்கார்ந்தாங்க, பொம்பளைங்களுக்கு எவ்வளவு இடம் ஒதுக்கினாங்க, எத்தனை பேர் உட்காரணும்னு எழுதிவெச்ச பலகை எங்க இருந்துச்சு... இதெல்லாம் எந்த எஞ்சினும் சொல்லாது. மூணாங்கிளாஸ் பலகையில ரெண்டு தலைமுறை உட்கார்ந்து உட்கார்ந்து தேஞ்ச பள்ளம் இருக்கு பாருங்க, அது ஒரு வரலாற்றுப் புத்தகம். அதைத்தான் முதல் வேலையா ரம்பத்துல அறுக்கறோம்.

மரம் எப்படிச் சாகுது?

தேக்குக்கு மழைன்னா பயம் கிடையாது. ஓடற காலத்துல ஐம்பது மழைக்காலம் பார்த்திருக்கும். அதுக்கு எமன், தண்ணி உள்ள போய் வெளிய வர வழி இல்லாம தங்கறதுதான்.

பழைய மரப் பெட்டியின் கூரை எப்படின்னா, பலகைகளை வரிசையா இழைச்சு அடிச்சு, மேல கேன்வாஸ் துணியை இழுத்து ஒட்டி, அதுமேல தடிமனா வெள்ளை ஈயப் பெயிண்ட் பூசுவாங்க. ஓடற பெட்டி குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஒர்க்‌ஷாப்புக்குப் போகும், துணி கிழிஞ்சிருந்தா மாத்துவாங்க. மேடையில ஏத்தி நிறுத்தின பெட்டிக்கு ஏணி வெச்சு ஏறி மேல பார்க்கறவன் யாரு? ரோட்டிலிருந்து பார்த்தா கூரை தெரியாதே! தெரியாத இடத்துக்கு எதுக்குப் பெயிண்ட்? நம்ம ஊர் லாஜிக்.

துணி வெயிலில் வெடிக்கும். தண்ணி பலகை வழியா இறங்கி, பக்கச் சுவரின் தூண் கட்டைகள் வழியா கீழ வந்து, அடிக்கட்டையில தேங்கும். ஜன்னல் கண்ணாடி கீழே இறங்கி மறையற பொந்து இருக்கு இல்லையா, அதன் அடியில தண்ணி வெளியேற சின்ன ஓட்டை விட்டிருப்பான் கட்டினவன். வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கறவர் அந்த ஓட்டையையும் சேர்த்துப் பூசி மெழுகிடுவார். அப்புறம் என்ன? பொந்து தொட்டியாகும். அடிக்கட்டை உள்ளுக்குள்ளயே ஊறி மக்கும். வெளியில எனாமல் பெயிண்ட் பளபளன்னு இருக்கும். பெயிண்ட் அந்த ஈரத்தை வெளிய விடாம மூடி வேற வெச்சிருக்கும்.

ஒரு ஊர்ல (ஊர் பேர் கேட்காதீங்க, அங்க எனக்கு நாலு பேரைத் தெரியும்) இந்த மாதிரி ஒரு பெட்டியின் அடிப்பக்கத்தை விரலால அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ள போயிடுச்சு. பெயிண்ட் தோலுக்குப் பின்னாடி ஈரமான காபித்தூள் மாதிரி ஏதோ. காவலாளி ஓடி வந்து "சார், தொடாதீங்க, போன மாசம்தான் பெயிண்ட் அடிச்சாங்க, பெரிய அதிகாரி வர்றாரு"ன்னார். அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்ண? வர்றவர் பார்க்கப் போறதும் பெயிண்ட்டைத்தானே.

பின்னாளில் வந்த பெட்டிகள் இரும்பு உடம்பு. அதுக்கும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவா நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தோட்டத்து ஷெட்டு சொல்லும் பாடம்

இப்ப ஒரு வேடிக்கையான கதை. இங்கிலாந்தில் டெவன் பக்கம் லிண்டன் - பார்ன்ஸ்டபிள் என்று ஒரு குட்டி ரயில், கிட்டத்தட்ட இரண்டடிப் பாதை. 1898ல் திறந்தாங்க. மொத்தமே 17 பயணிகள் பெட்டி. 16 பிரிஸ்டலில் கட்டினது, பதினேழாவதை 1911ல் உள்ளூரிலேயே கட்டினாங்க. 1935 செப்டம்பரோட ரயிலை நிறுத்தி, நவம்பரில் எல்லாத்தையும் ஏலம் விட்டுட்டாங்க.

எஞ்சின்களில் ஒண்ணு பிரேசிலுக்குக் கப்பல் ஏறிச்சு, மத்ததெல்லாம் பழைய இரும்புக்கு. பெட்டிகளை யார் வாங்கினா தெரியுமா? அந்தப் பக்கத்து ஜனங்க. சக்கரம் இல்லாத உடம்பை மட்டும் தூக்கிட்டுப் போய்த் தோட்டத்துல ஷெட்டா வெச்சுக்கிட்டாங்க. இரண்டாம் நம்பர் பெட்டி ஒரு பாதிரியார் வீட்டுத் தோட்டத்துல பல வருஷம் உட்கார்ந்திருந்தது. யாருக்கும் பாரம்பரியம், புண்ணாக்குன்னு எந்த நினைப்பும் இல்லை. உள்ள உட்கார்ந்து டீ குடிக்கணும், சாமான் போட்டு வைக்கணும். அதனால கூரை ஒழுகினா உடனே அடைச்சாங்க. தகரத்தைப் போட்டாங்க, தாரைப் பூசினாங்க. பெட்டி பிழைச்சுது!

இரண்டாம் நம்பர் இப்ப யார்க் நகர ரயில் அருங்காட்சியகத்துல, கிடைச்ச கோலத்துலயே, பெயிண்ட் கூட அடிக்காம, கூரைக்கு அடியில நிக்குது. இன்னும் ரெண்டு பெட்டிகள் ஸ்னாப்பர்ங்கிற குட்டி ஸ்டேஷன்ல திறந்தவெளியிலேயே கைவிடப்பட்டு நின்னுச்சு. 1959ல் வேல்ஸில் உள்ள ஃபெஸ்டினியாக் ரயில்காரங்க வந்து அதுல 15ஆம் நம்பரை மட்டும் வாங்கிட்டுப் போய், செப்பனிட்டு ஓட விட்டாங்க. பக்கத்துல இருந்ததோட நிலைமை படுமோசம். ஷெட்டாகிப் பிழைச்ச மத்த சிலதை ரசிகர்கள் தேடிப் பிடிச்சு, மிச்சம் இருந்த மரத்தை அச்சா வெச்சு மறுபடி கட்டினாங்க. 2013ல் அந்தப் பழைய பெட்டிகள் டெவனில் அதே பாதையோட ஒரு சின்னத் துண்டில் பயணிகளோட ஓடிச்சு. 78 வருஷம் கழிச்சு!

இது ஒண்ணு மட்டும் இல்லை. வேல்ஸில் க்ளின் வேலி டிராம்வேன்னு இன்னொரு குட்டி ரயில், அதுவும் 1935ல் செத்தது. அதோட ரெண்டு பெட்டிகளும் இப்படித்தான் தோட்டங்களில் உட்கார்ந்திருந்து பிழைச்சு, டாலிலின் ரயில்வேக்குப் போய் இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கு. அந்த டாலிலின், 1951லிருந்து தன்னார்வலர்களே நடத்தற ரயில்.

இதிலிருந்து என்ன தெரியுது? "பாரம்பரியச் சின்னம்"னு பலகை வெச்சு மேடை ஏத்தின பெட்டியை விட, கோழி அடைக்கவும் மண்வெட்டி போடவும் வெச்சிருந்த பெட்டி அதிக நாள் வாழும். ஏன்னா அங்க ஒழுகினா கேட்க ஒருத்தர் இருந்தார்.

அதனாலதான் 2020ல் ஆசன்சோலில் ஆரம்பிச்சு நாடு முழுக்கப் பழைய பெட்டியை ஓட்டலா மாத்தறாங்களே, அதைப் பார்த்து ரசிகர் கூட்டம் வயித்துல அடிச்சுக்கிட்டப்ப நான் பேசாம இருந்தேன். உள்ள இருக்கற பழைய சாமானையெல்லாம் பிடுங்கி எறியறது தப்புதான், மறுக்கலை. ஆனா ஓட்டல்காரன் கூரை ஒழுக விட மாட்டான். சாப்பிடறவன் தட்டுல சொட்டினா பில் கொடுக்க மாட்டானே!

சரி, உண்மையான புதுப்பிப்புன்னா என்ன?

முதல் வேலை, தொடாம இருக்கறது. நிஜமாத்தாங்க. கூரை போட்டு, பெட்டியைக் காய விட்டு, ஒவ்வொரு இஞ்சையும் அளந்து படம் எடுக்கணும். எந்த ஆணி எங்க இருந்ததுங்கிறது வரைக்கும்.

அப்புறம் பெயிண்ட். ஒரு சின்ன இடத்துல அடுக்கு அடுக்கா மெதுவாச் சுரண்டினா, மரத்தோட வருஷ வளையம் மாதிரி நிறங்கள் வரும். மேல இருக்கற சிவப்புக்கு அடியில வேற நிறம், அதுக்கும் அடியில வார்னிஷ், நடுவுல தங்க எழுத்து, பழைய கம்பெனி பேர். அதைப் பதிவு பண்ணாம கிரைண்டர் போட்டுத் தேய்க்கறது கல்வெட்டைச் சுண்ணாம்பு அடிச்சு மூடறதுக்குச் சமம். (பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும் சாமி, உலர்ந்த தூளைப் பறக்க விட்டா தேய்க்கறவருக்கும் ஆபத்து.)

அப்புறம்தான் மரம். நம்ம ஊர் ஆசாரிக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மக்கின இடத்தை மட்டும் சரிவா அறுத்து எடுத்து, அதே சரிவில் புது தேக்கைச் சேர்த்து ஒட்டறது. கட்டை முழுசா மாத்தறது கடைசி வழி. மாத்தின கட்டையில, கண்ணுக்குத் தெரியாத பக்கத்துல, மாத்தின வருஷத்தைப் பொறிக்கணும். நூறு வருஷம் கழிச்சு வர்றவனுக்கு எது பழசு, எது நம்ம கைங்கரியம்னு தெரியணும் இல்லையா?

இப்படிப் பண்ணினா பெட்டி ஓடுமா? ஃபெஸ்டினியாக்கில் 1872ல் கட்டின 15, 16ஆம் நம்பர் பெட்டிகள் இருக்கு. பிரிட்டனில் முதன்முதலா போகி வெச்சுக் கட்டின பயணிகள் பெட்டிகள்னு சொல்லப்படறது இந்த ரெண்டும்தான். நடுவுல அந்த ரயிலே 1946ல் நின்னு, 1955லிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமா மறுபடி ஓட ஆரம்பிச்சுது. அந்தப் பெட்டிகளும் பிழைச்சு, செப்பனிட்டு ஓட வெச்சிருக்காங்க. மந்திரம் ஒண்ணும் இல்லை. ஓடாத நேரத்துல ஷெட்டுக்குள்ள நிக்கும்.

வழக்கமா வரும் கேள்விகள்

"ஸ்கூலுக்கு பெஞ்ச் இல்லை, ரயில் பெட்டிக்குக் கூரையா?" நல்ல கேள்வி. ஆனா கேட்கறவங்க மேடை கட்டறப்ப எங்க போயிருந்தீங்க? சிமெண்ட் மேடை, சங்கிலி, ஃபோகஸ் லைட், குரோட்டன்ஸ், திறப்பு விழா, வருஷா வருஷம் பெயிண்ட் கூலி. இதெல்லாம் மரத்துல காய்க்குதா? நான் அதிகப் பணம் கேட்கலை. அந்தப் பணத்துல மேடைக்குப் பதிலா நாலு இரும்புத் தூணும் மேல தகரமும் போடுங்கன்னுதான் கேட்கறேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போடறீங்களே, அதே தகரம். மார்பிள் மண்டபம் யாரும் கேட்கலை.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சுரண்டறதுக்குப் போட்ட ரயில்!" சரிங்க, ஒத்துக்கறேன். ஆனா பெட்டியை இழைச்சதும், துணி ஒட்டினதும், நூறு வருஷம் ரிப்பேர் பார்த்ததும் நம்ம ஊர்க் கைகள். சுரண்டலுக்கு சாட்சி வேணும்னாலும் அந்த மூணாங்கிளாஸ் பலகைதான் சாட்சி. சாட்சியை எரிச்சுட்டு வழக்கு நடத்த முடியுமா?

"பாதி மரம் புதுசுன்னா அது பழைய பெட்டியே இல்லையே?" அண்ணாச்சி, நம்ம கோயில் தேரில் எத்தனை சக்கரம், எத்தனை அச்சு மாத்தியிருக்கோம்? அது பழைய தேர் இல்லையா? பாட்டியாலாவில் 1907லிருந்து 1927 வரை ஒத்தைத் தண்டவாளத்துல ஓடின ஒரு ரயில் இருந்துச்சு. 1962ல் மைக் சாட்டோ என்ற ஆங்கிலேயர் அதன் மிச்சத்தைக் கண்டுபிடிச்சார். எஞ்சினைச் செப்பனிட்டு, பெட்டியைப் பழைய அடிச்சட்டத்து மேல திரும்பக் கட்டினாங்க. டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் நிக்குது. எதைத் திரும்பக் கட்டினோம்னு மறைக்காமச் சொன்னாப் போதும். அதுல பொய் இல்லை.

"எல்லாத்தையும் காப்பாத்த முடியுமா?" முடியாது. வேண்டவும் வேண்டாம். இதுதான் முக்கியமான விஷயம். பத்துப் பெட்டியை மேடை ஏத்தி மக்க விடறதுக்கு, ரெண்டைக் கூரைக்கு அடியில வைங்க. ஒண்ணைக் கிடைச்ச கோலத்துலயே, இன்னொண்ணைச் செப்பனிட்டு. மீதி எட்டையும் ஏலத்துல எடை போடறதுக்கு முன்னாடி, ஒரு நாலு மாசம் டயம் கொடுத்து, யாருக்கு வேணுமோ முழுசா எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லுங்க. ஸ்கூலுக்கு நூலகமா கொடுங்க, ஓட்டலுக்குக் கொடுங்க, தோப்பு வெச்சிருக்கறவருக்குக் கொடுங்க. நாரோ கேஜ் பெட்டி குட்டி. ஒரு டிரெய்லர் லாரியில ஏத்திடலாம். பாதையைப் பிடுங்கினா நகர முடியாத அனாதைன்னு மேல சொன்னேனே, அதே பெட்டிக்கு ரோட்டுல போற யோகம் மட்டும் அகலப்பாதைப் பெட்டியை விட அதிகம்.

நாம என்ன பண்ணலாம்?

ரயில்வேயைத் திட்டிட்டுப் போய்த் தூங்கறது சுலபம். அவங்களுக்கும் ஓடற ரயில் ஆயிரம் தலைவலி. நாக்பூர் மோதிபாக்கில் நாரோ கேஜுக்குன்னே 2002ல் ஒரு அருங்காட்சியகம் திறந்தவங்களும் அதே ரயில்வேதான். மனசு வெச்சா நடக்கும். மனசு வைக்க யாராவது கேட்டுக்கிட்டே இருக்கணும்.

நம்ம கையில கேமரா இருக்கு, எழுத இடம் இருக்கு. இனிமே மேடை ஏத்தின பெட்டியைப் பார்த்தா, தூரத்துல நின்னு பளபள முகத்தை மட்டும் படம் எடுத்துட்டு வராதீங்க. குனிஞ்சு அடிக்கட்டையைப் படம் எடுங்க. பெட்டி நம்பரை எடுங்க, அடிச்சட்டத்துல கட்டின கம்பெனியோட தகடு இருந்தா எடுங்க. எதிர்ல மாடி இருந்தா ஏறிக் கூரையை எடுங்க. அதை வருஷத்தோட போடுங்க. அடுத்த வருஷம் அதே இடத்தை மறுபடி எடுத்துப் பக்கத்துல போடுங்க. அந்த ரெண்டு படமும் சேர்ந்து சொல்றதை நான் நாலு பக்கம் எழுதினாலும் சொல்ல முடியாது. அதை அப்படியே சம்பந்தப்பட்ட ஆபீசுக்கு அனுப்பி, "கூரை எப்ப சார்?"னு ஒரே ஒரு வரி கேளுங்க. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005லிருந்து இருக்கு. பெயிண்ட்டுக்கு எவ்வளவு செலவாச்சுன்னும் சேர்த்துக் கேளுங்க.

ஓடி முடிஞ்ச பெட்டிகளில் மிச்சம் இருக்கறது எதுவும் நமக்காகக் காத்திருக்காது. ஒவ்வொரு ஐப்பசிக்கும் அடிக்கட்டை ஒரு விரற்கடை மக்கும். பெயிண்ட்டை அப்புறம் அடிச்சுக்கலாம். அடிக்காமலே விட்டாலும் பரவாயில்லை. முதல்ல கூரையைப் போடுங்க.

டிஸ்கி: ஆசாரி வேலை தெரிஞ்சவங்க, ரயில்வே கேரேஜ் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன அப்பா, மாமா, சித்தப்பா இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா, பழைய பெட்டிக் கூரைக்கு கேன்வாஸ் எப்படி இழுத்து ஒட்டுவாங்கன்னு அவங்ககிட்ட கேட்டுப் பின்னூட்டத்துல எழுதுங்க. திட்டறவங்களும் வரலாம், டீ உண்டு. அந்த அறிவு இருக்கறது அவங்க கையில மட்டும்தான், அதுக்கும் கூரை கிடையாது.